கழுவி அடுக்கிய கற்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் டிம்ப்னா மடத்துத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் திறந்தபோது அந்தக் கல் மறுபடியும் இடத்தில் இல்லை.

தேட வேண்டிய அவசியம் இல்லை. எங்கே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூலிகைப் பாத்திகளைத் தாண்டி, கூரை போன கோயிலைச் சுற்றிக்கொண்டு, மேற்குச் சுவர் மூலையில் நிற்கும் முள்மரத்தடிக்குப் போனாள். அங்கேதான் கிடந்தது. ஒரு ரொட்டிப் பருமனில் வெள்ளைக் கல். நடுவில் பழுப்பு நிறக் கோடு ஒன்று, யாரோ நூல் சுற்றிக் கட்டியதுபோல் முழுக்கச் சுற்றி ஓடியது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று அதனிடமே கேட்டாள்.

குனிந்து தூக்கினாள். காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. புல், சுவர், மரம் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. கல்லின் அடிப்பக்கம் மட்டும், கோழி அடைகாத்த முட்டைபோல, இளஞ்சூடாக இருந்தது. வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு வெயிலே அடிக்கவில்லை என்பது பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. அதற்குமேல் நினைக்க நேரமில்லை. அம்மா வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள். அம்மா உள்ளே வருவதற்குள் பாத்தி ஓரம் பொக்கைப் பல்லாகத் தெரியாமல் இருக்க வேண்டும்.

கில்மேவா மடத்திலிருந்து ராஜாவின் ஆட்கள் கன்னியரை விரட்டி ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு காக்கைகளும் யாரோ ஒருவருடைய மாடுகளும்தான் அங்கே குடியிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஊர்க் கமிட்டி கூடி, அந்தக் காலத்துக் கன்னியர் வளர்த்திருக்கக்கூடிய மருந்துச் செடிகளை அங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தது. பொறுப்பு டிம்ப்னாவின் தலையில் விழுந்தது. டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், மருந்துச் செடி அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்றார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டிலில் லேபிள் ஒட்டுவது. ஆனால் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். சரிபார்த்த பிறகும் சரிதானா என்று படுக்கையில் புரளுகிறவள். அதனால் ஒழுங்காகச் செய்தாள்.

சுவரைத் தொடாதே, மண்ணைத் தோண்டாதே என்று தொல்லியல் துறையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் தொடவில்லை, தோண்டவில்லை. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி மேட்டுப் பாத்தி கட்டினாள். முள்மரத்தை வெட்டாதே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முள்மரத்தில் மாயச் சனம் குடியிருக்கிறது என்று அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஒரு கிளையை ஒடித்தால் வீட்டில் பசு செத்துப்போகும். ஆகவே மரத்தை விட்டுவிட்டார்கள். மரத்தைச் சுற்றிப் புல்லுக்குள் பாதி புதைந்து கிடந்த வெள்ளைக் கற்களைத்தான் எடுத்தார்கள். யாரோ வயலில் பொறுக்கி வந்து கொட்டியவை என்று நினைத்தாள். புல்வெட்டி வண்டியின் கத்தி வேறு அவற்றில் பட்டு முறிந்துகொண்டிருந்தது.

தள்ளுவண்டியில் அள்ளிவந்து, ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பெரிசு சின்னது பார்த்துப் பாத்திகளுக்கு ஓரம் கட்டினாள். லாவெண்டருக்கும் ரோஸ்மேரிக்கும் நடுவே அந்த வெள்ளை வரிசை பளிச்சென்று இருந்தது. மாவட்டத்திலேயே அழகான தோட்டம் என்று பரிசு வந்தது. பேப்பரில் படம் வந்தது.

இந்த ஒரு கல் மட்டும் பிப்ரவரியிலிருந்து அடங்கவில்லை.

கோயிலுக்குப் பின்னாலிருந்து புல்வெட்டி வண்டியின் சத்தம் வந்து நின்றது. மலக்கி அதன்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் பின்னால் பத்துப் பேர் ஏறியிருப்பதுபோலத்தான் ஓட்டுவார்.

"என்ன மதர் சுப்பீரியர்," என்றார். "மறுபடியும் மடத்தை விட்டு ஓடிட்டாளா?"

"மலக்கி, கடைசியா ஒரு தடவை கேக்குறேன். நீங்கதானே?"

"நானா? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு அந்தக் கல்லைத் தூக்கிட்டு நான் எதுக்கு ஊர்வலம் போகணும்? என் பொண்டாட்டி கேட்டா வீட்ல அலமாரி நகர்த்தச் சொல்லுவா."

"போன வாரம்தான் சுண்ணாம்புக் கலவை போட்டு ஒட்டினோம்."

"நான்தானே கலந்தேன். காய்ஞ்சு கட்டியா இருந்துச்சு. கலவை இன்னும் அப்படியேதான் இருக்கு, உன் கல்லுதான் மழையில நனைய இறங்கிப் போயிருக்கு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். கலவை இருந்தது. ஒரு விரிசல் இல்லை, ஒரு துண்டு பெயரவில்லை. கல் இருந்த குழி மட்டும், அவித்த முட்டையைத் தின்றுவிட்டு வைத்த கிண்ணம்போல, வழவழவென்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. கல்லை அதில் வைத்துப் பார்த்தாள். தலைமுடி நுழைய இடமில்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது. அதை இழுத்தாள். வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை.

மலக்கி வண்டியிலிருந்து இறங்கி வந்து குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "காத்தா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். எந்தக் காற்று என்று அவளும் கேட்கவில்லை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் அம்மா அட்ராக்டா அந்த மடத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரம்தான். பரிசு வாங்கிய நாளன்றுகூட முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். இன்று காலை கஞ்சி குடிக்கும்போது, கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னிக்கு என்னை மடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். டிம்ப்னா ஸ்பூனைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷ உழைப்பை அம்மா பார்க்கப்போகிறாள். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமலா போய்விடுவாள்? வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மா கழுவித் துடைத்த ஜாம் பாட்டில் ஒன்றையும் ஸ்பூனையும் கைப்பைக்குள் வைத்துக்கொள்வதைப் பார்த்தாள். ஏதாவது செடி எடுத்துவரத்தான் என்று நினைத்து மனதுக்குள் சந்தோஷப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறை மந்திரிப்பு. வருஷத்துக்கு ஒரு நாள், ஊர்ச் சனம் முழுக்க அவரவர் குடும்பக் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பக்கத்தில் நிற்பார்கள். சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். பிப்ரவரியில் அப்பாவை அடக்கம் செய்த பிறகு வரும் முதல் மந்திரிப்பு. அம்மாவுக்கு அவர் கல்லறையில் வைக்க ஒரு ரோஸ்மேரிக் கொத்து வேண்டியிருக்கும்.

அட்ராக்டா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, கம்பை ஊன்றிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். உள்ளே வரலாமா என்று யாரிடமோ கேட்பதுபோல் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வலது காலை வைத்து நுழைந்தாள்.

"வாங்க வாங்க, மிஸஸ் ஹெனகன்," என்றார் மலக்கி. "உங்க பொண்ணு எங்களை எல்லாம் சந்நியாசியாக்கிட்டா. டீ குடிக்கக்கூட மணி அடிச்சாத்தான் விடுறா."

"பஸ்ல மணி அடிச்சாக்கூட நிறுத்தாதவன்தானே நீ, உனக்கு நல்லா வேணும்," என்றாள் அட்ராக்டா. ஆனால் கவனம் வேறெங்கோ இருந்தது.

"அம்மா, இது சேஜ், தொண்டைக்கு நல்லது. இது லாவெண்டர். இந்தப் பக்கம்…"

அட்ராக்டா பாத்திகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கோயிலைச் சுற்றி நடந்தாள். வழி தெரிந்தவள் நடப்பதுபோல் நடந்தாள். டிம்ப்னா பின்னாலேயே ஓடினாள். முள்மரம் தெரிந்ததும் அம்மாவின் நடை மெதுவானது. மரத்தடிக்கு வந்ததும் நின்றே போனது.

மரத்தடியில் ஒன்றுமில்லை. வெட்டிய புல். புல்லுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள். கற்களை எடுத்த இடங்கள் அவை. இரண்டு வருஷமாக அந்தப் பள்ளங்களில் மட்டும் புல் முளைக்கவில்லை. டிம்ப்னா உரம் போட்டுப் பார்த்தாள், இரண்டு தடவை விதை தூவிப் பார்த்தாள். விதையைப் பறவைகள்கூடத் தொடவில்லை. அப்படியே கிடந்து கறுத்தது.

"கல்லெல்லாம் எங்கடி?" என்றாள் அட்ராக்டா.

"எந்தக் கல்லும்மா?"

"வெள்ளைக் கல்லு. மரத்தைச் சுத்தி இருக்கும்னு உங்கப்பா சொன்னாரு."

"அப்பா எதுக்கு இங்க வந்தாரு?"

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அங்கிருந்த ஒற்றை ஜன்னல் வழியாக, கண்ணாடி இல்லாத அந்தக் கல் ஜன்னல் வழியாக, ஏரி வெள்ளையாகத் தெரிந்தது.

"உனக்கு மேல எத்தனை பேரு?"

"ரெண்டு பேர். கோல்மன், ஃபின்டன்."

"மூணு," என்றாள் அட்ராக்டா.

காக்கைகள் சுவர்மேல் இருந்தன. ஒன்றும் கத்தவில்லை.

"கோல்மனுக்கு முன்னாடி ஒருத்தன். பின்கட்டு அறையிலதான் பொறந்தான். மூச்சு விட்டான். நான் பாத்தேன், நெஞ்சு ஏறி இறங்குச்சு. நர்சம்மா சைக்கிள்ல வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஒரு சொட்டுத் தண்ணி எடுத்து நெத்தியில ஊத்தணும்னு யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. இருபது வயசு." கம்பின் நுனியால் புல்லைக் கீறினாள். "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துல வெக்கக் கூடாதுன்னுட்டாரு அப்ப இருந்த சாமியார். டீ வந்த மரப்பெட்டி ஒண்ணு இருந்துச்சு. என் கல்யாண நைட்டியை மடிச்சு உள்ள போட்டேன். பொழுது சாஞ்சதும் உங்கப்பா பெட்டியைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, மண்வெட்டியைக் கோட்டுக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போனாரு. திரும்பி வந்து கையைக் கழுவிட்டு மாட்டுல பால் கறக்கப் போயிட்டாரு."

"இங்கயா?"

"எல்லாரும் இங்கதான். எத்தனையோ தலைமுறையா. இடிஞ்சுபோனதுன்னாலும் கன்னியருங்க ஜெபம் பண்ணின மண்ணாச்சே, அதுல கொஞ்சமாவது மிச்சமிருக்கும்னு ஒரு நினைப்பு. அப்பனுங்கதான் தூக்கிட்டு வருவாங்க. பெத்தவ வரக் கூடாது. நாங்க கோயில்ல போய் ஆசி வாங்குறவரைக்கும் வாசப்படி இறங்கக் கூடாது. அப்புறம் இறங்குனாலும் யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாது. பேசாமலே பழகிப்போச்சு."

டிம்ப்னாவின் உள்ளங்கையில் இன்னும் அந்த இளஞ்சூடு இருந்தது.

"உங்கப்பா ஒரே ஒரு தடவைதான் வாயத் தொறந்தாரு. 'ஏரிக்கரையில தேடி ஒரு கல்லு எடுத்துட்டுப் போய் வெச்சேன் அட்ராக்டா. மத்ததெல்லாம் வெறும் வெள்ளை. இதுல நடுவுல ஒரு பழுப்புக் கோடு, நூல் கட்டின மாதிரி இருக்கும். என்னிக்காவது உனக்குத் தேடணும்னு தோணுச்சுன்னா அதைப் பாரு'ன்னாரு. மரத்துக்கு எந்தப் பக்கம்னு நான் கேக்கல. கேட்டா நடந்து வந்துடுவேனோன்னு பயம்." கைப்பையைத் திறந்து ஜாம் பாட்டிலைக் காட்டினாள். "இதுல ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போய் ஞாயித்துக்கிழமை உங்கப்பா மேல போடணும். சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது அவனுக்கும் படட்டும். எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல. கல்லைக் காட்டு."

டிம்ப்னாவுக்கு அப்போது நினைவு வந்தது அப்பாவின் விரல். பக்கவாதம் வந்து, பேச்சுப் போய், ஒரு கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்த நாட்கள். பரிசு வாங்கிய படத்தைப் பேப்பரில் காட்டினாள். அவர் பார்த்தார். அழுதார். நல்ல கையின் விரலால் படத்தைத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். "ஆமாப்பா, நான்தான்" என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தப் படத்தை வெட்டி, அவர் கட்டிலுக்கு எதிரே, எப்போதும் கண்ணில் படும்படி ஒட்டினாள். கடைசி நாள்வரை அது அங்கேதான் இருந்தது.

அவர் தட்டியது அவளை இல்லை. அவள் காலடியில் இருந்த கற்களை.

"அம்மா," என்றாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கோயிலைச் சுற்றித் திரும்பக் கூட்டிவந்தாள். பாத்திகளுக்கு முன்னால் நிறுத்தினாள். மழையில் குளித்த வெள்ளைக் கற்கள், பெரிசு சின்னது பார்த்து, லாவெண்டரைச் சுற்றிப் பளபளவென்று நின்றன.

அட்ராக்டா நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"யாரு சொன்னா எடுக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல. நான்தான். சும்மா கிடந்துச்சுன்னு…"

"சும்மா கிடக்கும். சும்மா கிடக்கத்தான் வெச்சாங்க. உனக்கு எதையும் சும்மா கிடக்க விடத் தெரியாதே. சின்னதுல இருந்து அப்படித்தான். அடுக்கி அடுக்கி வெப்ப." கம்பால் கல் வரிசையைச் சுட்டினாள். "எது யாருதுன்னு ஒரு தாய்க்கும் தெரியாது இப்ப. அப்பனுங்க எல்லாம் செத்தாச்சு. எத்தனை வருஷமா ஒவ்வொண்ணும் ஒருத்தன் தலைமாட்டுல இருந்துச்சு. இவ பூச்செடிக்கு வேலி கட்டியிருக்கா."

டிம்ப்னா அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்ற சந்தேகம் வந்து நின்றுவிட்டது.

அம்மா குனிந்து ஒரு கல்லை விரலால் தடவினாள். "என்ன இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"கழுவினேம்மா."

"எப்படி?"

"தண்ணியில போட்டு. பிரஷ் வெச்சு. ஒவ்வொண்ணா."

"ஒவ்வொண்ணையுமா?"

"ம்."

அட்ராக்டாவின் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. "நல்லாத்தான் இருக்கு. ஒருத்தனும் ஊத்தாத தண்ணிய நீ ஊத்தியிருக்கே," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த இடைவெளியில்தான் டிம்ப்னாவுக்குச் சொல்ல முடிந்தது. அம்மா, அந்தக் கோடு போட்ட கல் இதோ இருக்கிறது என்று. அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று. எனக்கு இல்லை, அதற்கே தெரிந்திருக்கிறது என்று. பிப்ரவரியிலிருந்து அது எத்தனை தடவை எழுந்து முள்மரத்தடிக்குப் போனது, ஒவ்வொரு தடவையும் மண் தெரியும் அதே ஒரு பள்ளத்தில்தான் போய் உட்கார்ந்திருந்தது, இன்று கலவையை உடைக்காமல் எப்படி வெளியே வந்திருந்தது என்று எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அம்மா நம்பமாட்டாள் என்று நினைத்தாள்.

"பிப்ரவரியில எப்ப?" என்றாள் அம்மா.

"அப்பா அடக்கம் முடிஞ்ச வாரம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அசையவே இல்ல."

அட்ராக்டா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். "கல்லு எங்கயும் போகலடி," என்றாள். "அந்த மனுஷன்தான் தூக்கிட்டுப் போயிருக்காரு. மறுபடியும். நீ திருப்பித் திருப்பிக் கொண்டாந்து வெச்சிருக்க. செத்தும் அவருக்கு ஓய்வில்ல."

மலக்கி அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டார். போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் லாவெண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"மிஸஸ் ஹெனகன், இருபத்தாறு வருஷம் இந்த ரோட்டுல பஸ் ஓட்டினேன்," என்றார். "கண்ணாடியில பாப்பேன். மடம் பக்கத்துல வந்ததும் வயசான பொம்பளைங்க தலையெல்லாம் ஒண்ணா மடத்தை விட்டு ஏரிப் பக்கம் திரும்பும். ஏரி அழகா இருக்குன்னு பாக்குறாங்கன்னு நினைச்சுட்டு, அந்த இடம் வந்தா மெதுவா வேற ஓட்டுவேன்."

"தெரியும்," என்றாள் அட்ராக்டா. "உன்னைத் திட்டாத நாள் கிடையாது."

"எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான் பாப்பாங்க." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுதும் இதுல ஒண்ணு இருக்குமோ?"

"இருக்கும். உங்கம்மா ஒரு குளிர்காலம் முழுக்க வெளிய வரல."

மலக்கி தலையாட்டினார். பிறகு, தன் கத்தி முறிந்த கல் எது என்று தேடுவதுபோல், வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

டிம்ப்னா கலவைக் குழியின் முன் மண்டியிட்டாள். கோடு போட்ட கல்லின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். சற்றுமுன் எவ்வளவு இழுத்தும் வராத கல். இழுக்கவில்லை. "வா, கொண்டுபோய் விடுறேன்" என்றாள். எழுந்தபோது கல் கையில் இருந்தது. கனமே இல்லை. முதுகுப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. அம்மா என்று நினைத்தாள். அம்மா எதிரே இருந்தாள்.

முள்மரத்தடியில் பள்ளத்தைக் காட்டினாள். அட்ராக்டா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முழங்காலாக மடக்கி, ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். அந்தப் பள்ளத்து மண் ஈரமாக இல்லை. ஸ்பூனால் அள்ளி அள்ளி ஜாம் பாட்டிலை நிரப்பினாள். குழந்தைக்கு ஊட்டுகிறவள் மாதிரி சிந்தாமல், அவசரப்படாமல் செய்தாள். பிறகு டிம்ப்னா கல்லை இறக்கி வைத்தாள். அது உட்காரும்போது எந்தச் சத்தமும் வரவில்லை.

"பேர் வெச்சியாம்மா?"

"ஞானஸ்நானம் இல்லாம பேர் எங்க வெக்கிறது?" என்றாள். கல்லைத் தடவிக்கொண்டே, "மனசுல ஒண்ணு வெச்சிருக்கேன். அது எனக்கும் அவனுக்கும். நீ லேபிள் ஒட்டிடுவ" என்றாள்.

டிம்ப்னா கைகொடுத்துத் தூக்கிவிட்டபோது அம்மா மற்றப் பள்ளங்களைப் பார்த்தாள். புல்லில்லாமல், இருட்டாக, வாய் திறந்து கிடந்தன.

"மத்ததை நான் திருப்பிக் கொண்டாந்து வெச்சிடுறேம்மா," என்றாள் டிம்ப்னா. "ஒவ்வொரு பள்ளத்துலயும் அளவு பாத்து…"

"நீ ஒண்ணும் அளவு பாக்க வேணாம்!" முதல் தடவையாக அம்மாவின் குரல் உயர்ந்தது. சுவரில் மோதித் திரும்பி வந்தது. "தப்பான பிள்ளை தலைமாட்டுல தப்பான கல்லை வெச்சுட்டா யார் கேப்பாங்க? பெயர்த்து மட்டும் விடு. ஒட்டாத, அடுக்காத. பாத்தி ஓரத்துல லேசா விட்டுவை. அவங்கவங்க அப்பனுக்குத் தெரியும்."

வெளிச்சம் குறையும்வரை டிம்ப்னாவும் மலக்கியும் கற்களை மண்ணிலிருந்து பெயர்த்துப் புல்லின்மேல் விட்டார்கள். பெரிசு சின்னது பார்க்கவில்லை. எங்கே விழுந்ததோ அங்கே விட்டார்கள். டிம்ப்னாவின் கை தானாக இரண்டு கற்களை நேராக்கப் போனது. மலக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். செடிகளின் பெயரெழுதிய பலகைகளையும் அவள் பிடுங்கினாள். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மைக் கரகரத்தது. சனம் அவரவர் கல்லறைப் பக்கம் குடையோடு நின்றது. போன வருஷம் நைஜீரியாவிலிருந்து வந்த பங்குச்சாமி ஒரு பச்சைக் கொத்தால் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்தார். அட்ராக்டா பாட்டில் மண்ணைக் கணவரின் நெஞ்சுக்கு நேராகக் கொட்டி, கையால் ஒரு தட்டுத் தட்டிச் சமமாக்கியிருந்தாள். சாமியார் கால்மாட்டில் தெளித்துவிட்டு நகரப் பார்த்தார்.

"ஃபாதர், இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்," என்றாள்.

அவர் திரும்பி வந்து தெளித்தார்.

"இன்னும்."

அக்கம்பக்கத்தில் தலைகள் திரும்பின. சாமியார் அந்தச் சின்ன மண்திட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொத்தைத் தண்ணீரில் முக்கி நன்றாகவே உதறினார். மண் கறுத்து நனைந்தது. அடுத்த கல்லறையருகே நின்ற ஒரு வயசான பெண்மணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, ஏரி இருக்கும் திசைக்கு இல்லை, மடம் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

எல்லாரும் டீக்குப் போன நேரத்தில் டிம்ப்னா தனியாக மடத்துக்கு வந்தாள். கதவு பூட்டியபடியே இருந்தது. மலக்கியைக் கல்லறைத் தோட்டத்தில் மனைவியோடு கடைசிவரை பார்த்திருந்தாள். இருந்தாலும் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திறந்தாள்.

பாத்தியருகே புல் அழுந்தியிருந்தது. கற்கள் விட்டது விட்டபடி சிதறிக் கிடந்தன. ரோஸ்மேரிக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு சின்னக் கல் கிடந்த அளவுக்கு, வெறும் இடம்.

முள்மரத்தடிக்குப் போய்ப் பார்க்கலாம். கோயிலைச் சுற்றி நடந்தால் போதும். கோயில் மூலைவரை போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, முதுகை நிமிர்த்துகிறவர்கள்போல் மூச்சுவிடுவது கேட்டது.

டிம்ப்னா அங்கேயே நின்றாள். பிறகு சத்தமில்லாமல் திரும்பி வந்து, கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை.